அரெஸ்ட் ஆனதுக்கப்புறம் அறிக்கை விட்டு என்ன ஆகப்போகுது?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

மனித உரிமை தினத்துக்கு நீங்க போட்டிருந்த பக்கத்த முழுசா படிச்சேன். டிசம்பர் 10ஐ பத்தி எல்லாரும் எழுதுறோம், ஆனா அதுக்கு முந்துன நாளு டிசம்பர் 9ம் முக்கியமான நாள்தான், 1998ல அன்னைக்குத்தான் ஐநா பொதுச்சபையில மனித உரிமைக்காக நிக்கிறவங்கள அரசாங்கங்க பாதுகாக்கணும்னு ஒரு பிரகடனம் நிறைவேத்துனாங்க. அத பத்தி ஒரு வரி வந்திருக்கலாம், வரல, அதான் எழுதுறேன், அந்த மாதிரி ஆளுங்கள உள்ள புடிச்சிப் போடுறதுக்கு முன்னாடியே வெளிநாட்டு தூதரகங்க என்ன செய்யலாம்னும் சேர்த்து.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல வக்கீல் குமாஸ்தா, வருசக்கணக்கா கோர்ட்டுலயே கெடக்குறவன். மனித உரிமைக்காரங்கன்னா டெல்லியில மைக் புடிச்சி பேசுறவங்கன்னுதான் நெறய பேர் நெனச்சிக்கிறாங்க. நம்ம மாவட்டத்தையே பாருங்க, 1993ல கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷன்ல ராஜாக்கண்ணுவ அடிச்சே கொன்னாங்களே, அவர் சம்சாரத்துக்குத் தொணையா உள்ளூர் ஆளுங்க நிக்கலன்னா அந்த கேஸ் வக்கீல் சந்துரு கைக்கும் போயிருக்காது, ஹைகோர்ட்டுக்கும் போயிருக்காது. சிப்காட் தொழிற்பேட்டைய எடுத்துக்குங்க, 2004ல ஈச்சங்காடு குடிகாடு பக்கத்து ஜனங்க ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள்ள பைய வச்சி காத்த அதுல புடிச்சி அமெரிக்கால இருக்குற லேபுக்கு அனுப்புனாங்க, எந்த நாளு எத்தன மணிக்கு எந்தப் பக்கமிருந்து என்ன நாத்தம் வந்துச்சுன்னு நோட்டுல எழுதி வச்சாங்க. அழுகின முட்ட நாத்தம், கண்ணெரிச்சல், ராத்திரி இத்தன மணின்னு. அந்த நோட்டு எழுதுறவங்களும் மனித உரிமைக் காப்பாளர்தான், அவங்களுக்கே அது தெரியாதுன்னாலும்.

இப்படிப்பட்டவங்களுக்கு தொந்தரவு எடுத்த எடுப்புல கேஸா வராது. எதிர்த்த டீக்கடையில ரெண்டு பேர் உக்காந்து வண்டி நம்பர் குறிச்சிக்குவாங்க, வீட்டு ஓனர்கிட்ட போயி எதுக்கு இவங்களுக்கு வீடு குடுத்தீங்கன்னு கேப்பாங்க, சொந்தக்காரங்களே வந்து உனக்கெதுக்குப்பா ஊர் வம்புன்னு சொல்லுவாங்க, அதுக்கப்புறம்தான் பொய் கேஸ். பேப்பர்ல வர்றது அந்தக் கடைசி கட்டம் மட்டும்தான்.

இதுல வெளிநாட்டு தூதரகத்துக்கு என்ன வேலன்னு கேப்பீங்க. வேல இருக்கு, அவங்களே எழுதி வச்சிருக்காங்க. ஐரோப்பிய யூனியன் 2004ல இதுக்குன்னே வழிகாட்டு நெறி போட்டு 2008ல திருத்துச்சு, அதுக்கப்புறம் நார்வே 2010லயும் சுவிட்சர்லாந்து 2013லயும் கனடா 2016லயும் தனித்தனியா போட்டாங்க. ஐரோப்பிய யூனியன் நெறியில என்ன இருக்குன்னா, ஒவ்வொரு நாட்டுலயும் இருக்குற தூதரகங்க இந்த மாதிரி ஆளுங்களோட தொடர்புல இருக்கணும், இதுக்குன்னு ஒரு அதிகாரிய போடணும், அவங்க வேல செய்யிற ஊருக்கே போயி பாக்கணும், கேஸ் நடந்தா கோர்ட்டுல போயி உக்காந்து கவனிக்கணும், ஜெயில்ல இருந்தா போயி பாக்கணும், உசுருக்கே ஆபத்துன்னா அவசர விசா குடுத்து கொஞ்ச நாளு வெளிய வச்சிக் காப்பாத்தணும். கோர்ட்டுலயே காலத்த ஓட்டுறவன்ங்கிறதால சொல்றேன், கடைசி பெஞ்சுல அறிமுகமில்லாத ஒரு ஆளு நோட்டும் பேனாவுமா உக்காந்திருந்தாலே அன்னைக்கு ஹால்ல பேச்சோட தோரணையே மாறிடும். வாய்தா மேல வாய்தா கேக்குறவங்க கூட பேப்பர எடுத்து வச்சிப் பேச ஆரம்பிப்பாங்க.

ஆனா இதெல்லாம் யாருக்குக் கெடைக்குதுங்கிறதுதான் எனக்கு ஆறாத விஷயம். இலங்கையில நடந்தத சொல்றேன். 2014 மார்ச்ல காணாமப்போன புள்ளைக்காகப் போராடிட்டு இருந்த ஜெயக்குமாரிங்கிற அம்மாவ கிளிநொச்சி பக்கத்துல புடிச்சாங்க, அத விசாரிக்கப்போன மனித உரிமைக்காரங்க ருக்கி பெர்னாண்டோவையும் பிரவீன் பாதரையும் மூணு நாள் கழிச்சி பயங்கரவாதத் தடைச் சட்டத்துலயே புடிச்சாங்க. அப்ப ஜெனிவாவுல மனித உரிமை கவுன்சில் கூட்டம் நடந்துட்டு இருந்துச்சு, நாலா பக்கமும் இருந்து கேள்வி வந்துச்சு, அவங்க ரெண்டு பேரையும் ரெண்டே நாள்ல விட்டாங்க. அந்தம்மா வெளிய வர்றதுக்கு அடுத்த வருசம் மார்ச் ஆயிடுச்சு. அந்த ரெண்டு பேரும் செஞ்சது பெரிய காரியம், அவங்கள வெளிய கொண்டு வந்ததும் நியாயம்தான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா கொழும்புலயும் ஜெனிவாவுலயும் முகம் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு நாளு, யாருக்காக அவங்க போனாங்களோ அந்த அம்மாவுக்கு ஒரு வருசம்னா, இந்தப் பாதுகாப்பு எங்க நின்னுபோச்சுன்னு தெரியுது இல்லீங்களா.

அரெஸ்டுக்கு முன்னாடியே தூதரகத்துக்கு இவங்களோட பழக்கம் இருக்கணும்னு நான் சொல்றது இதுக்குத்தான். இலங்கை பத்திரிகைக்காரர் திசைநாயகத்துக்கு எழுதுனதுக்காக 2009ல 20 வருசம் தண்டனை குடுத்தாங்க, அதுக்கு முன்னாடியே ஒபாமா பத்திரிகை சுதந்திர தின அறிக்கையில அவர் பேரச் சொல்லியிருந்தாரு, 2010ல ஜாமீன் வந்துச்சு, பொதுமன்னிப்பும் வந்துச்சு. பேர் வெளிய தெரிஞ்சிருந்தா அதுக்கு ஒரு வலு இருக்கு. உள்ள புடிச்சிப் போட்டதுக்கப்புறம் "கவலை அளிக்கிறது"ன்னு ரெண்டு பாரா அறிக்கை விடுறது தும்ப விட்டு வாலப் புடிக்கிற கததான்.

பழக்கம்னா கூப்பிட்டு விருந்து வைக்கிறதும் இல்லீங்க, அதுலயும் ஆபத்து இருக்கு. சீனாவுல யூ வென்ஷெங்னு ஒரு மனித உரிமை வக்கீல், பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து குடுக்குற மனித உரிமை விருத வாங்குனவர். 2023 ஏப்ரல்ல பெய்ஜிங்ல இருக்குற ஐரோப்பிய யூனியன் தூதுக்குழுவ பாக்க அவரும் அவர் சம்சாரமும் கெளம்பிப் போனாங்க, போற வழியிலயே புடிச்சிட்டாங்க, அடுத்த வருசம் அவருக்கு மூணு வருசம் சம்சாரத்துக்கு ஒண்ணே முக்கால் வருசம் தண்டனை. வீட்டுலேருந்து தூதரக கேட்டு வரைக்கும் நடக்குற அந்தத் தூரத்துக்கு யாரு பொறுப்பு? வர்றது நல்லதா, வேற எங்கயாவது பாக்கலாமா, உங்க பேரச் சொல்லலாமா கூடாதான்னு அந்த ஆளுகிட்டதான் மொதல்ல கேக்கணும். அவங்க வேணாம்னு சொன்னா வேணாம்தான், அவங்க பேர்ல தூதரகம் முடிவு எடுக்கக் கூடாது.

நம்ம ஊர்ல இது இன்னும் கஷ்டம். 2012ல கூடங்குளம் போராட்டத்தப்ப பிரதமரே அமெரிக்க தொண்டு நிறுவனங்க பின்னாடி இருக்குன்னு பேட்டி குடுத்தாரு, அந்த வெளிநாட்டுக் கைக்கூலிங்கிற பட்டம் அங்க கடலுக்குப் போயி சம்பாதிச்சி சாப்பிடுற சனத்து மேல எல்லாம் ஒட்டிக்கிச்சு. அதனால தூதரகம் பணம் குடுக்கணும்னு நான் கேக்கவே மாட்டேன். வெளிநாட்டுப் பண சட்டம் 2010ல ஒரு தடவ இறுகுச்சு, 2020ல இன்னும் இறுகிடுச்சு, ஒரு சின்ன தப்புக்கு வெளிநாட்டுப் பணம் வாங்குற அனுமதியையே ரத்து பண்ணிடலாம். கோர்ட்டுல வந்து உக்காரதுக்கு பணம் வேணாம், ஊருக்கு வந்து பாத்துட்டுப் போறதுக்கும் வேணாம். இன்னொரு நாட்டு விஷயத்துல தலையிடக் கூடாதுன்னு 1961 வியன்னா ஒப்பந்தம் 41வது பிரிவுல இருக்கேன்னு சில பேர் சொல்லுவாங்க, அதே ஒப்பந்தம் 3வது பிரிவுல ஒரு நாட்டுல என்ன நடக்குதுன்னு சட்டப்படியான வழியில தெரிஞ்சிக்கிறது தூதரகத்தோட வேலைன்னும் இருக்கு. வழக்க நடத்தச் சொல்லல, திறந்த கோர்ட்டுல உக்காந்து பாருங்கன்னுதான் சொல்றோம். இந்தியாவும் இதுல கை கழுவ முடியாது, தேசிய மனித உரிமை ஆணையத்துலயே காப்பாளர்களுக்குன்னு தனியா ஒரு அதிகாரி இருக்காரு, மொதல் புகார் அங்கதான் போகணும். தூதரகம் அதுக்கு மேல ஒரு கூடுதல் கண்ணு, அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொல்லியாகணும். அதே தூதரகத்துல அடுத்த ரூம்லயே அவங்க நாட்டு கம்பெனிக்கு யாவாரம் புடிச்சிக் குடுக்குற ஆளும் உக்காந்திருப்பாரு. ஒரு ஊர்ல அவங்க நாட்டு கம்பெனி எதிர்லயே ஜனங்க போராடுனா இந்த நெறியெல்லாம் என்ன ஆகும்? அங்கயும் வந்து நின்னாத்தான் நான் நம்புவேன்.

நம்ம பக்கத்துல புதுச்சேரியில பிரெஞ்சு கான்சுலேட் இருக்கு. பென்ஷன், பாஸ்போர்ட், விசான்னு எத்தனயோ குடும்பத்துக்கு அந்த வாசல் பழக்கம், ஜூலை 14 வந்தா பீச் ரோட்டுல போர் நினைவுச் சின்னத்துக்கிட்ட மெடல் குத்திக்கிட்டு பெரியவங்க வந்து நிப்பாங்க. அந்த வாசல்ல இப்படி ஒரு வேலையும் நடக்கணும்னு இருக்குன்னு நான் பேசிப் பாத்தவங்கள்ல யாருக்குமே தெரியல, வக்கீலுங்களுக்கே தெரியல.

உங்க நிருபர் அடுத்த தடவ அங்க விழாவுக்கோ பேட்டிக்கோ போனா இத கேட்டு எழுதுங்கய்யா: இந்த வேலைக்குன்னு அங்க அதிகாரி இருக்காரா, அவர் உக்காருறது புதுச்சேரியா டெல்லியா, கடலூர்லேருந்து ஒருத்தர் தமிழ்ல போன் பண்ணுனா எடுத்துப் பேசுவாங்களா, ராத்திரி பத்து மணிக்கு மேல எந்த நம்பர்ல கூப்பிடணும்.

இப்படிக்கு,
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்