பிளஸ் டூ வரலாறும் எங்க ஊர் ரப்பர் மரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் பிளஸ் டூ வரலாறு மாணவர்களுக்காக முக்கிய ஆண்டுகள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். 1776, 1789, 1848, 1914, 1917 என்று கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. நான் தக்கலையில் வீட்டு மாடியில் சாயங்காலம் பதினோரு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், அவ்வளவு பேரும் அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒட்டியதோடு சரி.

ஒருத்தனிடம் 1789 என்றேன். யோசிக்கவே இல்லை, "ஜூலை 14, பாஸ்டில் சிறை தகர்ப்பு" என்றான். சரி மக்கா, பிரெஞ்சுப் புரட்சி ஏன் அந்த வருஷம் வந்தது, பத்து வருஷம் முன்னாடி ஏன் நடக்கவில்லை என்று கேட்டேன். "அது கைடுல இல்ல டீச்சர்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, உங்கள் பட்டியல் மேல்தான் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பாடப்புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மொத்தம் பதினைந்து பாடத்தில் முதல் ஒன்பது நம் நாட்டுக் கதை, கடைசி ஆறுதான் உலக வரலாறு. காந்தி, காங்கிரஸ் எல்லாம் சின்ன வகுப்பிலிருந்தே கேட்ட பெயர்கள் என்பதால் பிள்ளைகள் அதை எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் ரோபஸ்பியரும் ஆஸ்திரிய மந்திரி மெட்டர்னிக்கும் வந்ததும் கை நின்றுவிடுகிறது. எழுத்துத் தேர்வு 90 மார்க், அதில் இந்த ஆறு பாடத்தையும் பிப்ரவரிக்குத் தள்ளிவிட்டுக் கடைசியில் உருப்போடுகிறார்கள். (ஏற்கெனவே எங்கள் பக்கம் ஹிஸ்டரி குரூப் என்றால், சயன்ஸ் கிடைக்காத பிள்ளை போல என்று ஒரு பார்வை உண்டு. அது வேறு வருத்தம்.)

ஆண்டு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு மார்க் கேள்வியே இருபது வருகிறது, ஆண்டு தெரியாமல் எப்படி? ஆனால் ஆண்டுக்கும் ஆண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு ஓடுகிறது, அதைப் பிடிக்காவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக உதிர்ந்துபோகும். 1789க்கு நான் வகுப்பில் போட்ட கயிறு இதுதான். 1770ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம், அங்கே வரி வாங்கிப் பிழைத்த கிழக்கிந்தியக் கம்பெனி தடுமாறுகிறது, அது போதாதென்று லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலை மாதிரி கிடக்கிறது. கம்பெனியைக் கைதூக்கிவிட, அந்தத் தேயிலையை அமெரிக்கக் குடியேற்றங்களில் தள்ளிவிட 1773ல் தேயிலைச் சட்டம் போடுகிறார்கள், அதை எதிர்த்து அந்த டிசம்பரில் அங்கே பாஸ்டன்காரர்கள் 342 பெட்டித் தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டுகிறார்கள். அமெரிக்க விடுதலைப் போர் வருகிறது. பிரிட்டனைப் பழிவாங்க இதுதான் சமயம் என்று பிரான்ஸ் 1778ல் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்து, பணத்தை வாரி இறைத்து, ஏற்கெனவே இருந்த கடனைக் கழுத்துவரை ஏற்றிக்கொள்கிறது. பத்து வருஷம் கழித்து வட்டி கட்டவே வருமானத்தில் பாதி போகிறது, 1788ல் ஆலங்கட்டி மழையில் கோதுமை அழிகிறது, ரொட்டி விலை ஏறுகிறது, வரி போட வழி தேடி பிரான்ஸ் ராஜா மூன்று எஸ்டேட்டுகளையும், அதாவது குருமார், பிரபுக்கள், மற்ற மக்கள் என்ற மூன்று பிரிவின் பிரதிநிதிகளையும், கூட்டுகிறார். அதற்கு அப்புறம்தான் பாஸ்டில். இதைச் சொல்ல இருபது நிமிஷம் ஆனது. அந்தப் பையன் "அப்போ பஞ்சம் இங்க, புரட்சி அங்கயா டீச்சர்?" என்றான். பஞ்சம் மட்டும் காரணமில்லை, கயிற்றில் அதுவும் ஒரு முடிச்சு என்று சொல்லிவைத்தேன்.

கயிறு அங்கேயும் நிற்கவில்லை. 1781ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் ஐந்து வருஷத்தில் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்குகிறார். பாரிசில் பாஸ்டில் விழுந்த அதே 1789 டிசம்பரில் திப்பு திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்குகிறார், அதிலிருந்து மூன்றாம் மைசூர் போர், திப்புவுக்கு எதிராகப் படை நடத்தியது யார் என்றால் அதே காரன்வாலிஸ். அங்கே தோற்றவர் இங்கே வந்து ஜெயித்தார் என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. 1781ஐயும் அந்த மைசூர் போரை முடித்த 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையையும் இனி அவர்கள் மறக்கமாட்டார்கள்.

அன்றைக்குத் திருவிதாங்கூரின் தலைநகரம் என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற பத்மநாபபுரம். அந்தப் படையைப் பழக்கிய டிலனாய் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் கிடக்கிறார். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது, ஒரு பிள்ளை தமிழ் எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசித்தாள். அங்கே உட்கார்ந்துதான் 1741 ஆகஸ்ட் 10 குளச்சல் போரைச் சொன்னேன். மிளகுக்காக வந்த டச்சுக் கம்பெனி மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது, பிடிபட்ட டிலனாய் அதே ராஜாவுக்குத் தளபதியானார். குளச்சலிலிருந்து வருகிற பையனுக்கு ஒரே ஆச்சரியம், தினமும் பார்க்கிற வெற்றித் தூணை அவன் ஏதோ பழைய கொடிமரம் என்று நினைத்திருந்தானாம். இதில் ஒன்று, எங்கள் ஊர்ப் பெருமைக்காகக் கூட்டிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. டச்சுக்காரர்கள் அன்று ஒரே நாளில் ஓடிவிட்டார்கள் என்று மேடையில் பேசுகிறார்கள். அவர்களோடு மாவேலிக்கரை உடன்படிக்கை வர 1753 ஆனது, அவர்கள் கம்பெனி 1799 முடிவில்தான் கலைந்தது.

குலசேகரத்திலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள், அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். ஏகாதிபத்தியம் பாடத்தில் காங்கோ வந்தது. பெல்ஜிய ராஜா லியோபோல்டின் ஆட்கள் காட்டு ரப்பருக்கு அளவு நிர்ணயித்து, அளவு குறைந்த ஊர்க்காரர்களின் கையையே வெட்டிய கதை. அவள் "ரப்பர் அங்க காட்டுலயா டீச்சர் நின்னுச்சு? அப்போ நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். அங்கே காட்டில் கிடந்தது வேறு ஜாதிக் கொடி, நம் மரம் பிரேசில் மரம் என்று தொடங்கினேன். 1876ல் விக்கம் என்கிற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், முளைத்ததில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது, அங்கிருந்து இந்தப் பக்கம். 1888ல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்யாமல் இருந்திருந்தால் காங்கோவில் அந்தக் கொடுமைக்கு அவ்வளவு வேகம் வந்திருக்காது. ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்ட 1884–85 பெர்லின் மாநாடு பாடத்தில் ஒரு வரி. அந்த வரி அவளுக்கு வீட்டுத் திண்ணையில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டோடு சேர்ந்துகொண்டது.

மரச்சீனியும் (மரவள்ளி) கொல்லாமாவும் (முந்திரி) பிரேசிலில் இருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தவை என்றால் பாதிப் பேர் நம்பவே இல்லை. அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலை, இருக்கிற ஊருக்கு அதுவும் உலக வரலாறுதான். மணவாளக்குறிச்சி மணலும் அப்படியே. நம் தென்னங்கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலில் மோனசைட் என்கிற தாது இருப்பதை 1909 வாக்கில் கண்டுபிடித்தவர் ஒரு ஜெர்மானியர், பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் கிடைக்கும். முதல் உலகப் போர் வந்ததும் தொழில் பிரிட்டிஷ்காரர்கள் கைக்கு மாறியது.

இப்படி நடத்தினால் மார்க் வருமா என்று பெற்றோர் கேட்கிறார்கள், நியாயம்தான். திருத்துகிறவருக்கு உபதலைப்பும் பாயிண்டும் வேண்டும், நானும் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன். ஆனால் காரணம் தெரிந்த பிள்ளைக்குப் பாயிண்ட் மறந்துபோனால் தானே ஒன்று எழுத முடியும். உருப்போட்டவன், அமெரிக்கப் போர் பிரான்ஸை எப்படிப் பாதித்தது என்று போன மாடல் தேர்வில் கேட்டதற்கு, போருக்கான காரணங்களை மூன்று பக்கம் எழுதிவைத்தான்.

ஆகவே, அடுத்த தடவை பட்டியலுக்குப் பதிலாக ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ஆண்டை எடுத்து, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, அதே நேரத்தில் நம் பக்கம் என்ன என்று அரைப் பக்கம் போடுங்கள். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை ஏன் நவம்பர் 7 என்கிறோம், பழைய காலண்டர் 13 நாள் பிந்தி ஓடியதை ஒரு பெட்டிச் செய்தியில் சொல்லிவிடலாம். அப்புறம் பெயர்கள்: புத்தகத்தில் ஒரு ரோபஸ்பியர், கைடில் ஒரு ராபஸ்பியர், உங்கள் பக்கத்தில் மூன்றாவதாக ஒருத்தர். மூன்று பேரா என்று என்னிடமே ஒரு பிள்ளை கேட்டாள். பாடப்புத்தகத்து எழுத்தையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் தொடங்கினால் யாருக்கும் பிரயோஜனமில்லை, அப்போது யாரும் எதையும் புதிதாகப் படிப்பதில்லை. ஓண விடுமுறை முடிந்த வாரத்தில் தொடங்கினால் அரையாண்டுத் தேர்வுக்குள் பத்துப் பன்னிரண்டு வந்துவிடும்.

இப்படிக்கு,
டியூஷன் எடுக்கும் ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.