குளத்தை ஒரே ராத்திரியில் ஊற்றாதீர்கள்

நம்ம குமரி மாவட்டத்துக் கல்லூரி விலங்கியல் துறை ஆசிரியர்களுக்கும், பாடம் செய்த பறவைகளைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கும் காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் செய்கிறவன், ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் ரெசினோடுதான் பிழைப்பு. போன ஐப்பசியில் ஒரு கல்லூரியில் இருந்து கூப்பிட்டார்கள், பறவைப் பேழைக்குள் ரெசினில் ஊற்றிய செயற்கைக் குளம் விரிசல் விட்டுவிட்டது, வந்து பாருங்கள் என்று. போனால், பழைய கொக்கு ஒன்றின் கால்கள் பாதிவரை ரெசினில் இறுகிக் கிடக்கின்றன, தண்ணீர் பழுத்த மஞ்சள், நடுவில் விரிசல், கரை இருந்த இடத்தில் பள்ளம். மறுநாள் திறப்புவிழா என்று ஒரே ராத்திரியில் ஊற்றியிருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்த மடல்.

பள்ளம் ஏன் விழுந்தது? வள்ளத்துக்கு விற்கிற பாலியெஸ்டர் ரெசினைத் தெர்மாகோல் மேல் ஊற்றியதால். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். இறுகும்போது சுருங்கவும் செய்யும். குளத்துக்கு எப்பாக்சி என்கிற வேறு வகை ரெசின் வாங்குங்கள், அதையும் மொத்தமாகக் கவிழ்க்காதீர்கள், ஏனென்றால் இறுகும்போது அது தானே சூடாகும், கனமாக ஊற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் மஞ்சளித்து வெடிக்கும். சாதாரண எப்பாக்சி என்றால் ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் போதும், அது இறுகிய பிறகு அடுத்தது. ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி அளந்து கலக்குங்கள். கண்ணளவில் கலந்து பிசுபிசுத்துப் போனால் மேலே இன்னும் ஹார்ட்னர் ஊற்றி எதுவும் ஆகாது, சுரண்டி எடுப்பதுதான் வழி.

குமிழி பெரும்பாலும் அடியில் இருந்து வரும். பிளாஸ்டரும் மரமும் காற்றை வைத்திருக்கும், முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்து அடைத்துவிடுங்கள், ஓரத்தில் கசிவதும் அதோடு நிற்கும்.

அப்புறம் மழை. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரக்காற்றில் எப்பாக்சியின் மேல் வெள்ளைப் படலம் கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, உப்புத்தாள் போட்டு, மெல்லிசாக இன்னொரு பூச்சு கொடுத்தால் தெளியும். மாசியில் வேலையை வைத்தால் இந்தப் பாடே இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியம் பறவைதான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, கெட்டுப்போனால் இன்னொரு கொக்கைப் பிடித்துப் பாடம் செய்துவிட முடியாது. ரெசின் ஈரமாக இருக்கும்போது பறவையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், இறகு திரி மாதிரி அதை உறிஞ்சி மேலே ஏற்றிவிடும். கால் வரும் இடத்தில் சின்னக் குழாய் வைத்து ஊற்றுங்கள், குளம் இறுகிய பிறகு பறவையை இறக்குங்கள், பின்னால் கழற்றவும் வசதி. பழைய பறவைகளுக்கு ஆர்செனிக் என்கிற நஞ்சைப் பூசியிருப்பார்கள், கையுறையும் முகமூடியும் இல்லாமல் மாணவர்களைத் தொட விடாதீர்கள்.

நிறமும் நம்ம ஊர் நிறமாக இருக்கட்டும். 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களில் நீச்சல்குள நீலத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? அடி அடுக்கில் துளி பழுப்பும் பச்சையும் கலங்கினாற்போல் விடுங்கள், மேலே தெளிவாக ஊற்றுங்கள், தாமரை இலையை நடு அடுக்கில் வையுங்கள். பேழையை மட்டும் வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், நல்ல எப்பாக்சியும் மஞ்சளித்துவிடும்.

அந்தக் கொக்கின் காலை விடுவிக்க முடியவில்லை. சுற்றியிருந்த கட்டியோடு அறுத்தெடுத்து, அதைச் சுற்றிப் புதுக் குளம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நாலு அடுக்கு பாக்கி. உங்களிடம் திறப்புவிழாத் தேதி குறித்த பேழை இருந்தால், தேதியைத் தள்ளி வையுங்கள்.