மெழுகுவத்தியும் மறியலும்

அன்புள்ள செல்விக்கு,

மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் பதில் எழுத முடியவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை பிடிக்கிறார், ஆக நலம்தான்.

சரி, உன் மகள் விஷயம். சான் பிரான்சிஸ்கோவில் அறைத்தோழிகள் தேய்பிறை பார்த்து ட்ரம்புக்கு மந்திரக் கட்டுப் போடுகிறார்கள், இவளும் கூட உட்காருகிறாள், பில்லி சூனியத்தில் விழுந்துவிட்டாளோ என்று புலம்பியிருக்கிறாய். 2017 பிப்ரவரி 24 நள்ளிரவில் தொடங்கிய வழக்கம் அது. மைக்கேல் ஹியூஸ் என்ற எழுத்தாளர் செய்முறையை எழுதிப் பரப்பினார். ட்ரம்பின் கோணலான படம் ஒன்று, இடியும் கோபுரம் வரைந்த டாரோ சீட்டு (குறி சொல்லும் சீட்டு), துண்டு ஆரஞ்சு மெழுகுவத்தி. மெழுகில் குண்டூசியால் அவர் பெயரைக் கீற வேண்டும். படத்தை எரிக்கும்போது அவருடைய டிவி வசனத்தையே அவருக்குத் திருப்பி, ‘உன் வேலை போச்சு’ என்று கத்தலாம். பாதி நாடகம், பாதி வேண்டுதல். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூசுகிறவர்களைப் பார்த்து நாம் பயந்தோமா?

என் கவலை வேறு. 2018 அக்டோபரில் புரூக்ளினில் ஒரு கடையில், பாலியல் புகாருக்கு ஆளான அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கவனாவுக்குச் சாபம் போட்டார்கள். டிக்கெட் வசூலில் பாதி தொண்டு நிறுவனங்களுக்குப் போனது, நல்லதுதான். ஆனால் அவர் பதவியேற்று இரண்டு வாரம் ஆகியிருந்தது! கூடியவர்களின் ஆத்திரம் ஆறியது, ஆள் நாற்காலியில்தான்.

அதே சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டார்ஹாக் என்றொரு சூனியக்காரி இருக்கிறார், தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார். 1981-ல் கலிபோர்னியாவின் டயாப்லோ கேன்யன் அணு உலையை மறித்துக் கைதானார். அந்த மறியலில் கைதானவர்கள் 1,900 பேர் அளவுக்கு. சிறைக்குள்ளும் பெண்கள் வட்டமாகக் கூடிச் சடங்கு செய்தார்கள். தரையில் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு அந்த வட்டம் எவ்வளவு தெம்பு தந்திருக்கும் என்று உனக்குத் தெரியும், நாமும் மண்டபத்தில் அடைபட்டு விடிய விடியப் பாட்டுப் பாடியவர்கள்தானே. அப்படிப்பட்ட சூனியத்துக்கு நானே வருவேன்.

படத்தை எரித்த மறுநாள் அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று மகளிடம் கேள். கூட்டம், மனு, வீடு வீடாகப் போவது ஏதாவது இருந்தால் மெழுகுவத்தியைத் தாராளமாக ஏற்றட்டும்.

அப்புறம், இவ்வளவு வீரம் பேசிவிட்டு இதையும் சொல்கிறேன்: அவள் மாணவர் விசாவில் இருக்கிறாள். மறியல் பக்கம் மட்டும் போகவேண்டாம் என்று சொல்லிவை. நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
மல்லிகா