முகம் தெரியாத அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

2021 மே மாதக் கடைசி. தமிழ்நாடு முழுக்கத் தளர்வில்லாத ஊரடங்கு. எனக்கு 38வது வாரம். பிரசவத்துக்கு முன் எடுத்த ஆர்டிபிசிஆர் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தது. அதுவரை பார்த்துவந்த தனியார் மருத்துவமனை, கொரோனா வந்தவர்களுக்கு இங்கே பிரசவம் பார்ப்பதில்லை என்று கைவிரித்துவிட்டது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட ஜூலையில்தான் அனுமதி வந்தது. அதனால் நான் ஊசியும் போட்டிருக்கவில்லை. பயந்து நடுங்கினேன்.

எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர்தான் முதலில் கூப்பிட்டார். "பிக்மி நம்பர் இருக்குல்ல? ஃபைலை எடுத்து வை, மத்ததை நான் பாத்துக்கறேன்." (பிக்மி என்பது கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு கொடுக்கும் எண்.) அரசு மருத்துவமனையில் பேசி இடம் சொல்லி வைத்துவிட்டு, 108 வந்து சேரும்வரை ஃபோனை வைக்கவில்லை. வண்டியில் வந்த அண்ணன்கள் இருவருக்கும் நன்றி. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்பே "கெட்டியாப் புடிச்சுக்கம்மா" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார்கள்.

அரசு மருத்துவமனையில் பிரசவத்தின்போது கூட ஒரு பெண் இருக்கலாம் என்பது நம் ஊரில் பல வருட வழக்கம். கொரோனா வார்டில் அதற்கு வழியில்லை. அம்மா வாசலோடு நின்றுவிட்டார். அந்த இடத்தில் நின்றவர் நீங்கள்தான், அக்கா. தலைமுதல் கால்வரை பிபிஇ உடை, முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய பெயர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் அதை என்னால் வாசிக்க முடியவில்லை. உங்கள் கண்ணாடியிலோ ஆவி படிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தீர்கள். இரண்டு உறை மாட்டிய கைதான், ஆனாலும் அந்தச் சூடு தெரிந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை முக்கு கண்ணு" என்றீர்கள். அப்படியே ஒன்பது தடவை சொல்லியிருப்பீர்கள்.

அப்புறம் பால் விஷயம். பிள்ளைக்குப் பால் கொடுக்காதே என்று சொந்தக்காரர்கள் ஃபோனில் பதறினார்கள். தொற்று இருக்கும் தாயும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நீங்கள் என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டு, பிள்ளையை மார்பில் வைத்தீர்கள். அவள் அப்பா வீடியோ காலில் பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

மகப்பேறு மருத்துவருக்கும், விடியற்காலையில் வந்து தரை துடைத்து "பொண்ணா? மகாலட்சுமி!" என்ற அம்மாவுக்கும், கஞ்சியும் முட்டையும் கொண்டுவந்த தம்பிக்கும் மனசு நிறைய நன்றி.

அக்கா, இதைப் படித்தால் ஒரு தடவை பேசுங்கள். முகம் தெரியாது. குரல் கேட்டால் கண்டுபிடித்துவிடுவேன்.