ஆண் வேட்பாளருக்கும் பாலினம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் தோற்றதற்குக் காரணம் அவருடைய இனமா, பாலினமா என்று ஆராய்ந்து தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதப்பட்ட கட்டுரைதான். ஆயினும், கறுப்பினத்தவரோ பெண்ணோ போட்டியிடும்போது மட்டுமே இனமும் பாலினமும் தேர்தலுக்குள் நுழைகின்றன என்ற அனுமானத்தின் மீது அது நிற்பதால், கேள்வியே கோணலாகிவிட்டது.

அந்தத் தேர்தலில் இவற்றை மேடையேற்றியவர் யார்? ஹாரிஸ் தம் பிறப்பை முன்வைத்து வாக்குக் கேட்பதைப் பெரும்பாலும் தவிர்த்தார். ஜூலை 31 அன்று சிகாகோவில், கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கத்தின் நிகழ்ச்சியிலேயே, இந்தியராக அறியப்பட்டவர் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்ற பொருள்படப் பேசியவர் டொனால்ட் டிரம்ப். கறுப்பின மாணவர்களின் கல்விக்குப் பெயர்பெற்ற ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இளமையிலேயே பயின்ற ஒருவரைப் பற்றிய பேச்சு அது! அதே மாதம் மில்வாக்கியில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் சட்டையைக் கிழித்துக்கொண்டு டிரம்புக்கு ஆதரவு முழங்கினார்; பின்னர், இளைஞர்கள் பெருந்திரளாகக் கேட்கும் ஜோ ரோகனின் வலையொலி (பாட்காஸ்ட்) நிகழ்ச்சியில் டிரம்ப் ஏறத்தாழ மூன்று மணி நேரம் உரையாடினார். ஆண்மையை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டி வாக்குக் கேட்டதை நம் ஊடகங்கள் 'அடையாள அரசியல்' என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தின் கோயில் அபிஷேகப் படங்களுக்குக் கிடைத்த இடத்தில் சிறு பகுதியையாவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

இனத்தையும் பாலினத்தையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கும் வழக்கம், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்கு ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதிய 2008இல் உச்சத்தை எட்டியது. ஒபாமா வெள்ளையராக இருந்திருந்தால் இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டார் என்று கூறிய ஜெரால்டின் ஃபெராரோ, எழுந்த எதிர்ப்பால் ஹிலாரி கிளின்டனின் பிரச்சாரப் பொறுப்பிலிருந்து விலகினார். 1984இல் பெரிய கட்சி ஒன்றின் முதல் பெண் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர் அவர். ஹிலாரியின் கூட்டத்தில் 'என் சட்டையை இஸ்திரி போடு' என்று கூச்சலிட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் பிறந்தவரல்ல என்ற வதந்தியால், அதிபரான பின்பும் 2011இல் ஒபாமா தம் பிறப்புச் சான்றிதழை வெளியிட நேர்ந்ததும் உண்டு. இவற்றில் எது கொடிது என்று தீர்ப்புச் சொல்லி ஆகப்போவது என்ன? 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோமுக்குக் கறுப்பின ஆண் தலைவர்கள் பலர் ஆதரவளிக்கத் தயங்கினர். வெள்ளைப் பெண்ணியத் தலைவர்களும் முழு மனத்தோடு துணை நிற்கவில்லை. இரண்டு தட்டுகளிலும் அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

2024 வாக்குச்சாவடிக் கணிப்புகளின்படி கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் ஹாரிஸையும், வெள்ளைப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் டிரம்பையும் தேர்ந்தெடுத்தனர். விலைவாசி உயர்வுக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் 'பெண்கள் பெண்ணுக்கு வாக்களிக்கவில்லை' என்று தங்கள் கட்டுரையாளர் வியக்கும்போது, வெள்ளை இனம் என்பதும் ஓர் இனம் என்பதை மறந்துவிடுகிறார்.

அடுத்த தேர்தலில் இரு கட்சிகளும் வெள்ளை ஆண்களையே நிறுத்தினாலும் இதே கேள்விகளை எழுப்பும் கட்டுரை ஒன்றைத் தங்கள் இதழில் எதிர்பார்க்கிறேன்.

தங்கள் வாசகர்,
மன்னார்குடி