மறைவிடம் என்று சொல்லி மறைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் மருத்துவர் பதில்கள் பகுதியில் ஓர் இளைஞர், மறைவிடத்தில் சிறு பருக்கள் இருப்பதாகவும் பயமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். 'உரிய மருத்துவரை அணுகவும்' என்ற ஒற்றை வரியோடு பதில் முடிந்துவிட்டது. அதே பக்கத்தில் முடி உதிர்வுக்கு மூன்று பத்தி! 35 ஆண்டுகளுக்கு முன் அந்த இளைஞரின் நிலையில் இருந்தவன் நான். மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 24 வயது. குளிக்கும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவியபோதுதான் கவனித்தேன். ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி, கோத்து வைத்ததுபோல் ஒரு வரிசை முனைகள். கடுகைவிடச் சிறியவை, சற்றே வெளுத்த தோல் நிறம். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதுவரை எவருடனும் உறவு கொண்டதில்லை. ஆனாலும் பால்வினை நோய் என்றே மனம் அடித்துக்கொண்டது. தினமும் கதவைத் தாழிட்டுக்கொண்டு எண்ணுவேன். ஒரு நாள் 22 வரும், மறுநாள் 26 வரும். பெருகுகிறது என்று முடிவு கட்டினேனே தவிர, எண்ணியதில் பிழை இருக்கலாம் என்று தோன்றவில்லை.

கடைசியில், கால் ஆணிக்குப் போடும் சாலிசிலிக் அமில மருந்தைத் தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தேன். அடுத்த இரண்டு நாளும், உடுத்திய துணி பட்டாலே உயிர் போயிற்று. வேறு வழியின்றித்தான் தோல் மருத்துவரிடம் போனேன். உருப்பெருக்கிக் கண்ணாடியால் அரை நிமிடம் பார்த்தார். "இந்த முனைகள் உங்கள் தோலின் இயல்பான அமைப்பு, நோயே இல்லை. நோய் என்றால், நீங்களே போட்டுக்கொண்ட இந்தப் புண்தான்" என்றார்.

முத்துப் பருக்கள் என்று அவற்றைச் சொல்லலாம். பருவ வயதிலோ இருபதுகளிலோ தெரியவரும். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். ஒரே அளவில் ஒழுங்காக வரிசை கட்டி நிற்பதே இவற்றின் அடையாளம். தொற்றாது, புற்றாகவும் மாறாது. அழுக்கினால் வருவதல்ல என்பதால் தேய்த்துக் கழுவினால் போகாது. வயது ஏறும்போது பலருக்கு மங்கிவிடும். என்னுடையவை இப்போது தேடினால்தான் தெரிகின்றன.

தண்டுப் பகுதியிலும் விதைப்பையிலும் மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளிகள் சிலருக்கு இருக்கும். தோலை இழுத்துப் பிடித்தால் பளிச்சென்று தெரியும். அவை முடியோடு சேராத எண்ணெய்ச் சுரப்பிகள், உதட்டில்கூட வருவதுண்டு. 1896-இல் இவற்றை விவரித்த மருத்துவரின் பெயரால் ஃபோர்டைஸ் புள்ளிகள் என்கிறார்கள். வயதானவர்களின் விதைப்பையில் கருஞ்சிவப்பாக மிளகுத் தூள் தூவியதுபோல் வருவது விரிந்த சிறு ரத்தக் குழாய்கள். எனக்கே நான்கைந்து இருக்கின்றன. எதையும் கிள்ளக் கூடாது, பிதுக்கக் கூடாது.

வலியில்லை என்பதை மட்டும் வைத்துப் பயமில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. தொற்றி ஏறக்குறைய மூன்று வாரத்தில் தோன்றி, சில வாரங்களில் தானாகவே ஆறியும் விடும். ஆறியது புண் மட்டுமே; நோய் உள்ளே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், பென்சிலினால் குணப்படுத்தலாம். ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்று இதற்கு நேர்மாறு: எரிச்சலோடு கொத்தாக நீர்க்கொப்புளங்கள் வந்து உடையும். எச்.பி.வி. வைரஸால் வரும் மருக்கள் வரிசையில் நிற்காது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, சில காலிஃபிளவர் போலச் சொரசொரப்பாக இருக்கும், புதிது புதிதாக முளைக்கும். இரவில் தாங்க முடியாத அரிப்பு, வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு என்றால் சிரங்காக இருக்கலாம்.

ஆறாத புண், ரத்தக் கசிவு, முன்தோலுக்கு அடியில் துர்நாற்றத்தோடு கசிவு, கெட்டியாகும் திட்டு, இடுப்பு மடிப்பில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது. புதிய உறவுக்குப் பின் தோன்றிய எதையும் காட்டிவிடுவது நல்லது. துணைக்கும் பரிசோதனை தேவைப்படலாம். பல காலமாக மாறாமல் இருப்பதுதான், ஆனாலும் சந்தேகம் தீரவில்லை என்றாலும் போகலாம். அரை நிமிட வேலை. வாயில் சொல்ல வராவிட்டால் தாளில் எழுதி நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னாளில் நான் உயிரியல் ஆசிரியரானேன். இனப்பெருக்கப் பாடம் வரும்போதெல்லாம், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பையன்களில் எத்தனை பேர் தீக்குச்சியைத் தேடினார்களோ!

ஆகவே, அடுத்த முறை இப்படியொரு கேள்வி வந்தால் உறுப்பின் பெயரைச் சொல்லி, முழுப் பதிலாக வெளியிடுங்கள். முடி உதிர்வுக்குக் கொடுக்கும் இடம் போதும்.

இந்தக் கடிதத்தில் என் பெயரைப் போடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "பக்கத்தைப் புரட்டியவர்தானே, உங்களால் முடியுமா?" என்று சிரித்தாள். முடியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்
(பெயர் வெளியிட வேண்டாம்)