வாக்கர் நடந்தவர் இல்லையடா

அன்புள்ள முத்து,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. கணக்கு வாத்தியார் பாணியிலேயே திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீ பொருள் எழுதி அனுப்பிய ஆங்கிலக் குடும்பப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. வாக்கர் என்றால் ஊர் ஊராக நடந்தவர், கவர்ட் என்றால் கோழை, ஃபார்மர் என்றால் உழவர் என்று எழுதியிருக்கிறாய். மூன்றும் தப்பு!

நெய்த கம்பளித் துணியை நனைத்து, மிதித்து இறுக்குவது ஒரு தொழில். அதைச் செய்தவருக்கு இங்கிலாந்தின் வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர் என்று பெயர். கவர்ட் மாடு மேய்த்தவர். ஃபார்மர் வரி வசூலைக் குத்தகை எடுத்தவர். உழவர் என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

இன்றைய எழுத்தை வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டுகிறாய், அங்கேதான் சறுக்குகிறாய். முதலில் அந்தக் குடும்பத்தின் ஆகப் பழைய பதிவைத் தேடு: ஞானஸ்நானப் பதிவேடு, நில ஆவணம், வரிப் பட்டியல். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே ஆளுக்கு மூன்று எழுத்து இருந்தால் மூன்றையும் குறித்துக்கொள். அந்த ஊரில் அன்று என்ன மொழி பேசினார்கள் என்று பார். அகராதி கடைசியில்தான். ‘லீ’யையே எடுத்துக்கொள்: ஆங்கிலேயர் வீட்டில் மரம் வெட்டித் திருத்திய வெளி, சீனர் வீட்டில் பிளம் மரம். எழுத்து ஒன்று, உறவு துளியும் கிடையாது.

மொழி தெரிந்தாலும் வம்சம் தெரிந்துவிடாது. பிலிப்பைன்ஸில் 1849-இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா ஒரு பெயர்த் தொகுப்பைக் கொடுத்து அதிலிருந்து குடும்பப் பெயர் வைக்கச் சொன்னார். ஸ்பானியப் பெயர் இருப்பதால் தாத்தா ஸ்பெயின்காரர் என்று எழுதிவிடாதே. அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்ற கதையையும் அடித்துவிடு. அவர்கள் கையில் இருந்தது கப்பல் கம்பெனி தயாரித்த பயணிகள் பட்டியல். ஷ்மிட் ஸ்மித் ஆனது பெரும்பாலும் குடியேறியவர்களே பின்னால் மாற்றிக்கொண்டதால்.

குலச்சின்னம் போட்ட கோப்பை வேறு அச்சடிக்கப் போகிறாயாம்! இங்கிலாந்தில் சின்னம் வழங்கப்பட்டது தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். அதே பெயர் வைத்த எல்லாருக்கும் அது சொந்தமில்லை. காசை மிச்சம் பிடி.

உன் பட்டியலில் ஏழாவதான ஃப்ளெச்சர் குடும்பம் அமெரிக்கக் கறுப்பினத்தவர் என்று எழுதியிருக்கிறாய். அங்கே மட்டும் அவசரப்படாதே. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் போன்ற விவரங்கள்தான். அடிமைகளின் பெயருக்கு இடமே இல்லை. அடிமைமுறை ஒழிந்து விடுதலை பெற்றவர்களை முதன்முதலில் பெயர் சொல்லி எண்ணியது 1870 கணக்கெடுப்பில். குடும்பப் பெயர் பழைய உரிமையாளருடையதாக இருக்கலாம், அவர்களே தேர்ந்தெடுத்ததாகவும் இருக்கலாம். ஃப்ளெச்சர் என்றால் அம்பு செய்பவர் என்று பொருளைச் சொல்லி அவர்கள் பாட்டனாரை அம்பு செய்தவராக்கிவிடாதே.

அந்தக் குடும்பத்துக்கு 1870 பதிவின் நகல் கிடைத்தால் அனுப்பு. பக்கத்து வீட்டு வரிகளையும் சேர்த்து எடு, உறவுக்காரர்கள் அங்கேயே இருக்கலாம்.

அன்புடன்,
சேகர்